வாவிக்கரையில் ஒரு கெய்ரின் சைக்கிள்: கழற்றுவது, அளப்பது, பூட்டுவது

ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கும் பழைய சைக்கிள்களுக்குள் எப்போதாவது ஒன்று தனித்து நிற்கும். மட்காட் இருக்காது, பிறேக் இருக்காது, முன் சில்லைப் பிடிக்கும் கவையான போக்கில் பிறேக் பூட்டத் துளைகூட இருக்காது. பின் அச்சு உட்காரும் வெட்டு பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இது ட்ராக் சைக்கிள், வீதிக்கல்ல, பந்தயத் திடலுக்கென்று செய்தது. பெரும்பாலும் கெய்ரின் பந்தயத்துக்காகச் செய்தது. குறை விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உண்மையில் அந்தக் குவியலிலேயே நல்ல இரும்பு அதுதான்.

கெய்ரின் 1948இல் கொகுரா நகரில் தொடங்கிய பந்தயம். ஜப்பானில் யார் வெல்வார் என்று பணம் கட்டுவார்கள். அதில் ஓடும் பிரேமும் சாமான்களும் என்.ஜே.எஸ். அமைப்பின் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். அந்த அமைப்பு பின்னர் ஜே.கே.ஏ. என்ற பெயருக்குள் போய்விட்டது, முத்திரை மட்டும் பழைய எழுத்திலேயே தொடர்கிறது. பிரேமைக் கவிழ்த்து, கிராங் அச்சு போகும் கூட்டின் அடியில் பாருங்கள். முத்திரையும் இலக்கமும் அங்கே அடித்திருக்கும். நாகசாவா, 3ரென்ஷோ, கலவிங்கா, மகினோ, சாம்சன், பிரிட்ஜ்ஸ்டோன், பானசோனிக் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் பேரம் பேசும்போது முகத்தில் காட்டாதீர்கள். கொய்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து உலக ஸ்பிரிண்ட் பட்டங்களை வென்றவர். அவருக்குப் பிரேம் செய்தது நாகசாவா.

இந்தக் குழாய்கள் மெல்லியவை. இஷிவாட்டா 022, தாங்கே சாம்பியன் 2 போன்ற குழாய்கள் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. மட்டுமே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையில் உப்புக் காற்று இந்த 0.6 மி.மீட்டரை உள்ளேயிருந்து தின்னும். அதனால் பெயின்டின் பளபளப்பைக் கடைசிக்கு விடுங்கள். முதல் வேலை குழாயின் உட்பக்கம். அடுத்தது அளவெடுப்பது.

வாங்கும் முன்

கெய்ரின் பிரேம்களில் பல, விழுந்த பிறகுதான் விற்பனைக்கு வரும். தலைக்குழாய்க்குப் பின்னால், மேல் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. தள்ளி, அடிப்பக்கமாக விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தால் பிரேம் முன்பக்கம் மோதியிருக்கிறது. விட்டுவிடுங்கள், எந்த விலைக்கும் வேண்டாம். மேல் குழாயின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தால் அது ஹாண்டில் சுற்றிவந்து அடித்த அடி. ட்ராக் சைக்கிளில் இது வழமை. ஆழம் 2 மி.மீட்டருக்குள், விளிம்பு கூராக இல்லை என்றால் ஓடலாம்.

அடுத்தது நூல். ஒரு தையல் நூலை வலது பின் அச்சு வெட்டில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி எடுத்து, இடது வெட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளவுங்கள். வித்தியாசம் 2 மி.மீட்டருக்குள் இருந்தால் நல்லது. 4 மி.மீ. என்றால் பின்பகுதி வளைந்திருக்கிறது. நிமிர்த்தலாம்தான், ஆனால் அதற்குரிய கருவியும் கையும் வேண்டும். போக்கைப் பக்கவாட்டில் பாருங்கள்: கால்கள் முன்னோக்கி வளையும் வரை, தலைக்குழாயும் போக்கின் மேற்பகுதியும் ஒரே கோட்டில் போக வேண்டும். போக் பின்னால் மடங்கியிருந்தால் மேலே சொன்ன மேட்டை இன்னொரு தடவை தேடுங்கள்.

கறளைப் பற்றி: வெளியில் புள்ளி புள்ளியாக இருப்பது பயப்பட வேண்டியதல்ல. சீற் கம்பியைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடியுங்கள். செம்மண் நிறத் தூள் என்றால் சுத்தம் செய்யலாம். ஓடு ஓடாகக் கழன்று வந்தால் சந்தேகம். கிராங் கூட்டின் அருகே சின்ன ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் மணி போல ஒலிக்கும், தின்றுபோனது தகரம் போல மொட்டையாக ஒலிக்கும்.

கழற்றுவது

சீற் கம்பி வராது என்றே எதிர்பாருங்கள். அலுமினியக் கம்பியும் இரும்புக் குழாயும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அலுமினிய ஒக்சைட் வெள்ளையாக வீங்கி இடைவெளியை அடைத்துவிடும். கிராங் அச்சை முதலில் கழற்றி, பிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கூட்டின் வழியே ஊடுருவும் ஒயிலை விடுங்கள். அசிட்டோனும் தானியங்கிக் கியர் ஒயிலும் சம அளவில் கலந்தாலும் போதும். தினமும் ஒரு தடவை என்று மூன்று நாள் விடுங்கள். பிறகு கம்பியின் தலையை வைஸில் பிடித்து, பிரேமை ஒரு நீண்ட பிடி போல நினைத்து இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். அசையாவிட்டால் வீட்டில் துடைக்கப் பாவிக்கும் அமோனியாவைக் கொஞ்சம் விடுங்கள். அலுமினிய ஒக்சைட்டுக்கு ஒயிலைவிட அது மேல். சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்க வேண்டாம்.

எல்லாம் தோற்றால் கம்பியை மேலே வெட்டிவிட்டு கோஸ்டிக் சோடாக் கரைசலால் அலுமினியத்தைக் கரைப்பது கடைசி வழி. இரும்புக்கு ஒன்றும் ஆகாது, பெயின்ட் போய்விடும். ஹைதரசன் வாயு வெளிவரும். அதனால் திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரமாக, கையுறையும் கண்ணாடியும் போட்டே செய்யுங்கள். சோடாவைத் தண்ணீருக்குள் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

ஹாண்டில் ஸ்டெம்மின் போல்ட்டை முழுவதும் கழற்றாமல் மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, தலையில் ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு கீழே விழும்போது ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் திருப்ப வேண்டும். முன் சில்லைக் காலிடுக்கில் வைத்து முழுப் பலத்தால் திருப்பினால் போக் கால் வளையும்.

கிராங் கழற்ற 22 மி.மீ. புரி கொண்ட புல்லர் தேவை. அச்சு போல்ட்டைக் கழற்றிய பிறகு உள்ளே வோசர் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புல்லரைப் பூட்டுங்கள். வோசரோடு திருகினால் கிராங்கின் புரி வந்துவிடும், பிறகு அந்தக் கிராங்குக்கு மருந்து இல்லை. பெடல்களில் இடது பெடல் எதிர்ப் புரி. கழற்ற இரண்டையும் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று நினைவு வைத்தால் குழப்பம் வராது.

கிராங் கூட்டின் வலப்பக்கக் கப்தான் பலரைத் தோற்கடிப்பது. அது எதிர்ப் புரி. கழற்ற வலமாக, அதாவது மணிக்கூட்டு முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். வழமைபோல இடமாகத் திருப்பினால் இன்னும் இறுகும். கப்பின் ஓரம் மெல்லியது, ஸ்பானர் வழுக்கிப்போகும். ஹாட்வெயார் கடையில் 5/8 அங்குல போல்ட் ஒன்று, 2 அங்குல நீளத்தில், நட்டும் மூன்று தடித்த வோசரும் வாங்குங்கள். முதலில் இடப்பக்கக் கப்பையும் அச்சையும் எடுத்துவிடுங்கள். போல்ட்டை வெளியிலிருந்து வலக் கப்பின் துளைக்குள் விட்டு, உள்ளே வோசரும் நட்டும் போட்டு, கப்பை இரண்டுக்கும் நடுவே இறுகப் பிடிக்கச் செய்யுங்கள். இப்போது போல்ட்டின் தலையை நீண்ட பிடியுள்ள ஸ்பானரால் வலமாகத் திருப்புங்கள். போல்ட் இறுக இறுகக் கப்போடு ஒன்றாகும், கப் கழலும். முதல் நாள் இரவே ஒயில் விட்டு வைத்தால் பெரும்பாலும் ஒரு "டக்" சத்தத்தோடு வந்துவிடும்.

கறளும் குழாயின் உட்பக்கமும்

பழைய பெயின்டையும் ஸ்டிக்கரையும் முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பெயின்ட் உள்ள பிரேமுக்கு மதிப்பு அதிகம். புதுப் பெயின்ட் அடித்த பிறகு திரும்பப் போக வழியில்லை. குரோம் பகுதிகளுக்கு அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். வயர் பிரஷ் வேண்டாம்.

சிறு பாகங்களுக்கு சிற்றிக் அமிலம்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். பழப்புளிக் கரைசலும் வேலை செய்யும், நேரம் கூடுதலாகும். வெளியே எடுத்தவுடன் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, அப்போதே துடைத்து வெயிலில் வையுங்கள். ஐந்து நிமிடம் ஈரத்தோடு விட்டால் மஞ்சள் கறள் திரும்பப் படரும். பற்றரி அசிட்டை மட்டும் பிரேமின் பக்கம் கொண்டுவர வேண்டாம். வலிமையான அமிலம் மெல்லிய, கடினமான இரும்பை உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும்.

குழாயின் உள்ளே பூச நம்மூரில் பழக்கமாக ஊற்றுவது தேங்காய் எண்ணெய் அல்லது பழைய எஞ்சின் ஒயில். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் காயாது, எறும்பு வரும், சில மாதத்தில் கீழே வடிந்து மேல்பகுதி வெறுமையாகும். எஞ்சின் ஒயிலில் பழைய அமிலமும் கரியும் இருக்கும். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய லின்சீட் ஒயிலை வாங்குங்கள். பச்சை லின்சீட் வாரக்கணக்கில் காயாது. 80 மி.லீ. ஒயிலோடு 20 மி.லீ. டேப்பன்டைன் கலந்தால் ஒரு பிரேமுக்கும் போக்குக்கும் காணும். சீற் குழாய் வழியும், தலைக்குழாயில் இருக்கும் துளைகள் வழியும், பின் குழாய்களின் காற்றுத் துளைகள் வழியும் சிரிஞ்சால் விட்டு, துளைகளை டேப்பால் ஒட்டி, பிரேமை எல்லாப் பக்கமும் உருட்டிப் புரட்டுங்கள். மிச்சம் வடிய ஒரு இரவு, காய மூன்று நாள். புரிகளில் ஒட்டியதைக் காயும் முன் துடைத்துவிடுங்கள். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள்.

முழுப் பெயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் வாகனத்துக்கு அடிக்கும் எபொக்சி பிறைமரும் இரு பாகப் பெயின்டும் போதும். பழைய பெயின்டை எடுக்க மணல் வீசும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். கரடு மணல் 0.6 மி.மீ. குழாயைப் பள்ளமாக்கும், குழாய்கள் சேரும் மூட்டு உறையான லக்கின் விளிம்பை மழுக்கும்.

அளவு: காசு போகும் இடம்

ஒரு சாமானும் வாங்கும் முன் வேனியர் கலிப்பரைக் கையில் எடுங்கள். ஜப்பான் அளவும் ஐரோப்பிய அளவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பூட்டும்போதுதான் மோதும்.

ஹெட்செற் (ஹாண்டில் திரும்ப உதவும் தலைக்குழாய்ப் போள்ஸ் தொகுதி): இரண்டும் 1 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. அதுவரை ஒற்றுமை. போக்கின் தலையில் கீழ் வளையம் உட்காரும் இடம் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் அளவில் 27.0 மி.மீ., ஐ.எஸ்.ஓ. என்ற ஐரோப்பிய அளவில் 26.4 மி.மீ. தலைக்குழாய்க்குள் போகும் கப் முதலாவதில் 30.0, இரண்டாவதில் 30.2 மி.மீ. 26.4 வளையத்தை 27.0 இடத்தில் வைத்து "சும்மா தட்டினா ஏறும் தம்பி" என்று யாராவது சுத்தியலை எடுத்தால் போக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வளையம் வெடிக்கும், அல்லது சரிந்து உட்காரும். நம் ஊரில் ஒரு வசதி உண்டு: கூடை வைத்த ஜப்பான் வீட்டுச் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இதே 27.0 அளவுதான். பழைய சாமான் குவியலில் இருந்து ஒரு நல்ல ஹெட்செற் எடுத்து, சரியான புதியது வரும்வரை ஓட்டலாம். அடுக்கு உயரம் மட்டும் பாருங்கள். மேல் நட் குறைந்தது ஐந்து புரியாவது பிடிக்க வேண்டும்.

கிராங் கூடு: 68 மி.மீ. அகலம், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. இங்கே சிக்கல் அச்சின் சதுர முனையில். சிமானோவின் டுரா ஏஸ் 7600 கிராங்க் 109 மி.மீ. அளவில் ஜே.ஐ.எஸ். முனை கொண்ட அச்சைக் கேட்கும். கம்பக்னோலோ வகைக் கிராங்கை அதே அச்சில் ஏற்றினால் 4.5 மி.மீ. அளவுக்கு வெளியே நின்றுவிடும், செயின் கோணலாக ஓடும்.

செயின் வளையம்: ட்ராக் கிராங்கில் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் பொதுவாக 144 மி.மீ. ஐந்து போல்ட் உள்ளதில் அருகருகே உள்ள இரண்டு போல்ட்டின் மையத் தூரத்தை அளவுங்கள்: 84.6 என்றால் 144, 76.4 என்றால் 130. செயினில் பத்து கண்ணியின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். வழமையான செயினில் 127 மி.மீ. வரும். 100 மி.மீ. வந்தால் அது சிமானோ ஒரு காலத்தில் விட்ட 10 மி.மீ. பிட்ச் தொகுதி. அதன் வளையம், பல்லுச் சக்கரம், செயின் மூன்றும் வேறு எதோடும் சேராது. அழகுக்கு வைக்கலாம், ஓட்டத்துக்கு முழுவதையும் மாற்ற வேண்டும்.

சீற் கம்பி 27.2 அல்லது 26.8 மி.மீ. 0.2 மி.மீ. சிறியதைப் போட்டுப் போல்ட்டை இறுக்கினால் லக்கின் காது வளைந்து வெடிக்கும். ஸ்டெம் 22.2 மி.மீ., ஹாண்டில் பிடிக்கும் இடம் 25.4 மி.மீ.; இதில் வம்பு குறைவு.

பின் அச்சு இடைவெளி பல கெய்ரின் பிரேம்களில் 110 மி.மீ., இப்போதைய ட்ராக் ஹப் 120 மி.மீ. பிரேமைக் காலால் விரிக்க வேண்டாம். ஹப்பின் இரு பக்கமும் இருக்கும் 5 மி.மீ. வோசர்களை எடுத்துவிட்டு, நீண்டு நிற்கும் அச்சை அளவாக வெட்டினால் 110 ஆகிவிடும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைவதால் செயின் கோடு மாறாது. பல்லுச் சக்கரத்தின் பூட்டு வளையம் பிரேமில் உரசாமல் குறைந்தது 1 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போள்ஸும் கிறீஸும்

பழைய போள்ஸை எல்லாம் எறியுங்கள், விலை அற்பம். பெரும்பாலும் கிராங் கூட்டில் பக்கத்துக்கு 11, அளவு 1/4 அங்குலம், பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அதே 1/4, முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அளவு 3/16, ஹெட்செற்றில் 5/32. எடுத்ததை எண்ணி அளந்த பிறகே வாங்குங்கள். ஒரு கடையின் போள்ஸோடு இன்னொரு கடையின் போள்ஸைக் கலந்தால் பெரியவை மட்டும் பாரம் சுமந்து, அவை உருளும் கோனைக் குழியாக்கும்.

கிறீஸுக்குப் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். மெரைன் கிறீஸ் உப்புத் தண்ணீருக்கென்றே செய்தது. நம் மாரிக்கு, சைக்கிள் கடையில் டப்பாவில் வைத்திருக்கும் மஞ்சள் கிறீஸைவிட நீண்ட நாள் நிற்கும். சீற் கம்பி, ஸ்டெம், கிராங் கப்பின் புரி, பெடல் புரி எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசுங்கள். அடுத்த தடவை கழற்றப்போகும் ஆள் உங்களை வாழ்த்துவார்.

கோனை இறுக்கும்போது, அச்சை விரலால் சுற்றினால் மணல் அரைபடும் உணர்வு வந்தால் கூடுதல் இறுக்கம். சில்லைப் பூட்டிய பின் றிம்மைப் பிடித்து ஆட்டும்போது "டொக் டொக்" என்றால் தளர்வு. இரண்டுக்கும் நடுவே எட்டில் ஒரு சுற்றுக்குள்தான் சரியான இடம் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள்.

சில்லு

பிரேமோடு வந்தவை அராயா போன்ற ரியூபுலர் றிம்மாக இருந்தால் அதற்குரிய ரயர் பசை போட்டு ஒட்டுவது, ரியூப் உள்ளே வைத்துத் தைத்தது. காத்தான்குடி வீதியில் முள் குத்தினால் அங்கேயே ஒட்ட முடியாது. 36 துளை ஹப்பை வைத்துக்கொண்டு, 36 துளை 700சி சாதாரண றிம்மில் கம்பி கட்டுவதுதான் எங்கள் சிபாரிசு. பழைய றிம்மைப் பத்திரப்படுத்துங்கள்.

றிம் தேடும்போது மூன்று பொறி. நம்மூர் பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., ஜப்பான் வீட்டுச் சைக்கிளின் 27 × 1 3/8 என்பது 630 மி.மீ., உங்களுக்கு வேண்டிய 700சி 622 மி.மீ. மூன்றும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். ரயரின் பக்கத்தில் 23-622 அல்லது 25-622 என்று அச்சிட்டிருக்க வேண்டும். துளை எண்ணிக்கையும் பாருங்கள். பழைய ஆங்கிலேயப் பாணிச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40. அவை 36 ஹப்புக்குச் சேராது.

ரயர் அகலம் 23 மி.மீ., இடம் விட்டால் 25. பிரேமுக்கும் ரயருக்கும் இடையே எங்கும் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். கல்லடிக் கடற்கரைப் பக்கத்து மணல் ஈரத்தோடு ஒட்டும்போது அதைவிடக் குறைந்த இடைவெளி பெயின்டைச் சுரண்டிவிடும்.

பல்லுச் சக்கரம், செயின்

கெய்ரினில் கனமான கியர் ஓடுவார்கள்: முன் வளையத்தில் 49 பல், பின்னால் 15 பல் (49 × 15) என்றாலே ஒரு சுற்றுக்கு 6.9 மீற்றர் அளவில் போகும். நம் கரை வீதி தட்டையானது, ஆனால் கச்சான் காற்றுக் காலத்தில் அந்தத் தட்டை உதவாது. 46 × 17 போடுங்கள்: ஒரு சுற்றுக்கு 5.7 மீற்றர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 27 கி.மீ. 48 × 16 பார்க்க நல்ல கணக்காகத் தெரியும். ஆனால் 48ஐ 16 சரியாக வகுப்பதால், காலால் பின்னழுத்திச் சில்லை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் ரயரின் ஒரே இடம் தேயும். 46 × 17இல் தேய்வு 17 இடங்களுக்குப் பங்காகும்.

ட்ராக் ஹப்பில் இரண்டு புரி உண்டு. பல்லுச் சக்கரம் வலப் புரியில் ஏறும். அதன் மேல் சற்றுச் சிறிய விட்டத்தில் பூட்டு வளையம் எதிர்ப் புரியில் ஏறும். பின்னழுத்தும்போது சக்கரம் கழலப் பார்க்கும், பூட்டு வளையம் அதை இறுக்கிப் பிடிக்கும். சாதாரண பிறீவீல் ஹப்பில் பூட்டு வளையத்துக்குப் படி இல்லை. அதில் பல்லுச் சக்கரத்தை ஏற்றி, மேலே கிராங் கூட்டின் பூட்டு வளையம் ஒன்றைப் பசையோடு இறுக்கி ஓட்டுவது சிலரின் வேலை. ஒருநாள் அது நடுவீதியில் கழன்றுவிடும். செய்யாதீர்கள்.

புதுச் சக்கரத்தைச் செயின் பிடியால் முழுப் பலத்தோடு இறுக்கிய பின்னும் ஓட்டத்தில் அது இன்னும் கொஞ்சம் உட்காரும். அதற்கு ஏற்றம் வேண்டும், மட்டக்களப்பில் ஏற்றம் எங்கே? கல்லடிப் பாலத்தின் ஏறுபாதைதான். நான்கைந்து தடவை சீற்றிலிருந்து எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். இறங்கும்போது பிறேக்கைப் பாவியுங்கள், காலால் பின்னழுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்து பூட்டு வளையத்தை மறுபடி இறுக்குங்கள்.

செயின் ½ × 1/8. உள்ளூர்ப் பெரிய சைக்கிளின் செயினும் இதே அளவுதான், பொருந்தும். இசுமி போன்ற ட்ராக் செயின் கிடைத்தால் நல்லது, கிடைக்கும்வரை இது ஓடும். இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கட்டும். செயின் கோட்டை அளவுங்கள்: சீற் குழாயின் மையத்திலிருந்து செயின் வளையப் பல்லின் மையம் 42 மி.மீ., பின்னால் ஹப்பின் மையத்திலிருந்து சக்கரப் பல்லும் 42 மி.மீ. 1 மி.மீ. வித்தியாசம் வரை பொறுக்கலாம். மேல் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் 10 மி.மீ. ஆட வேண்டும். கிராங்கைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் மட்டும் இறுகினால் வளையத்தின் ஐந்து போல்ட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மெல்லத் தட்டி மையப்படுத்தி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த செயின் கழன்றால் பின் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கிராங் போல்ட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீற்றர். டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் 20 செ.மீ. பிடியின் முனையில் ஏறக்குறைய 18 கிலோ பாரம் என்று கையைப் பழக்குங்கள். பின் அச்சு நட்டுக்கும் அதே அளவு.

முன் பிறேக்

ஏ4 வீதியில் பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் ஒரே நேரத்தில் வரும். பிறேக் இல்லாமல் ஓட்டுவது திடலுக்குரியது, வீதிக்குரியது அல்ல. முன் பிறேக் ஒன்று கட்டாயம்.

மூன்று வழி உண்டு. போக்கின் தலையில் 6 மி.மீ. துளை போடலாம், என்.ஜே.எஸ். போக்கில் போட்டால் அதன் மதிப்பு போகும், மையம் தவறினால் போக்கே போகும். போக் கால்களில் இறுக்கும் கிளாம்ப் பூட்டலாம். உருண்டையான மெல்லிய கால்களை அது நெரிக்கும், கொஞ்ச நாளில் வழுக்கும். எங்கள் தெரிவு மூன்றாவது: துளையுள்ள வேறொரு 1 அங்குல இரும்புப் போக். கழித்த ஜப்பான் ரோட் சைக்கிளில் இருந்து எடுத்தால் கீழ் வளையம் 27.0ஆ 26.4ஆ என்று அளவுங்கள். உள்ளே போகும் தண்டின் நீளம் உங்கள் பழைய போக்கோடு 2 மி.மீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். அச்சிலிருந்து போக்கின் தலை வரை உள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹாண்டில் தன்பாட்டுக்குத் திரும்பும். பழைய போக்கில் கிறீஸ் பூசித் துணியில் சுற்றி வையுங்கள்.

பிறேக் கலிப்பர் வாங்க, துளையின் மையத்திலிருந்து றிம்மின் பிறேக் படும் நடுக்கோடு வரை அளவுங்கள். 39 முதல் 49 மி.மீ. என்றால் சாதாரண ரோட் கலிப்பர் போதும். லீவருக்கு ஹாண்டில் குழாயின் விட்டத்தைப் பாருங்கள், 22.2, 23.8 என்று இரண்டு உண்டு. நம்மூர் வழக்கப்படி முன் பிறேக் வலக்கைக்கு. ஏறி உட்கார்ந்து மெல்லத் திருப்பிப் பார்க்கும்போது பாதத்தின் நுனி முன் சில்லில் உரசலாம். ட்ராக் பிரேமில் அது பிழையல்ல, சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

முதல் 50 கி.மீட்டருக்குப் பிறகு, அதாவது மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒரு தடவை போய் வரும் முன்பே, பூட்டு வளையம், கிராங் போல்ட், ஹெட்செற் நட், கம்பி இறுக்கம் நான்கையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய நாளில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குழாயால் பீய்ச்சி அடித்தால் உப்பு கூட்டுக்குள் போகும். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்தால் சீற் கம்பியைக் கழற்றி, பிரேமைத் தலைகீழாக ஒரு இரவு நிறுத்துங்கள். காலையில் நிலத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்த்தால், கூட்டின் அடியில் 4 மி.மீ. வடிகால் துளை போடலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுப்பீர்கள்.